கையெழுத்து எத்தனை?

1982 இல், பத்தொன்பது வயதில், அச்சுவேலிச் சந்திக்குக் கிட்ட இருந்த ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். உறுதிகளைப் பிரதி எடுப்பதுதான் வேலை. தட்டச்சு இயந்திரம் மேசையில் இருந்தும், முதல் ஆறு மாதமும் ஐயா என்னைக் கையாலேயே எழுத வைத்தார். கையால் எழுதினால்தான் எல்லை மனதில் தங்கும் என்பார். கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாருடைய காணி, மேற்கு வாய்க்கால், தெற்கு இன்னாரும் பங்காளரும் என்று பகல் முழுக்க எழுதிவிட்டுப் பொழுதுபடச் சைக்கிளில் வீட்டுக்குப் போவேன். வழியில் உள்ள வேலிகளெல்லாம் நான் எழுதிய வரிகளாகத் தெரியும்.

அந்த வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது காணியின் பெயர். எங்கள் பக்கத்தில் பெயரில்லாத காணி இல்லை. கலட்டி என்று முடிந்தால் அங்கே மண்வெட்டி கல்லில் படும். அத்திவாரம் வெட்டச் செலவு கூடும், வீடு அசையாது. தரவை என்று முடிந்தால் முன்னொரு காலம் மாடு மேய்ந்த வெளி. மாரியில் தண்ணீர் நிற்கலாம், கிணறு உவர்க்கலாம். பள்ளம், தாழ்வு, குளம் என்று பெயரில் எங்காவது இருந்தால், ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. அந்தப் பெயர்களை வைத்தவர்கள் அதே மண்ணில் எத்தனையோ மாரி கண்டவர்கள். இன்றைக்கும் யாராவது கைபேசியில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டினால் நான் முதலில் கேட்பது காணியின் பெயரைத்தான். படம் காட்டியவருக்குப் பெரும்பாலும் அது தெரிந்திருக்காது.

நான் எழுத்து வேலை பார்த்த நாளில் வீடு தேடி அலைகிற ஆட்களைக் காண்பது அரிது. வீடு சீதனமாக மகளோடு போகும். பெற்றோர் வழி வந்தது முதுசொம், கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்து வாங்கியது தேடியதேட்டம். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்து முடித்த, எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையில் சொத்து இப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. வளவு விற்பது குடும்பத்துக்குக் குறைவு என்று நினைத்த காலம் அது. விற்றாலும் மச்சானுக்கோ பக்கத்து வேலிக்காரருக்கோ சத்தமில்லாமல் கைமாறும். தரகர் தேவைப்படவில்லை.

1995 ஒக்டோபரில் பலாலிப் பக்கமிருந்து படை முன்னேறியபோது அச்சுவேலியும் ஆவரங்காலும் புத்தூரும் முதலில் வெறுமையாகின. மாத முடிவில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தோம். கதவு நிலை இல்லாத வீடுகள், ஓடு கழற்றிய கூரைகள். ஐயாவின் பெட்டகம் இருந்த அறையில் எருக்கலை ஓங்கி வளர்ந்து கிடந்தது. அவர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார். ஊரில் எந்த வளவின் உறுதி யாருடைய பெயரில் இருந்தது, எந்தப் பிள்ளை எங்கே போனது என்று கேட்க ஆட்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். அப்படித்தான் தரகன் ஆனேன். நான் விரும்பித் தேர்ந்த தொழில் இல்லை. ஆனால் முப்பது வருடமாக நேசித்துச் செய்கிற தொழில்.

என்னிடம் வீடு கேட்டு வருகிறவர்களை முதல் கிழமை ஒரு வீட்டுக்கும் கூட்டிப் போக மாட்டேன். நாற்பது பக்கக் கொப்பி இரண்டு கொடுப்பேன், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். இந்த வீட்டில் யார் யார் இருக்கப் போகிறார்கள், பத்து வருடம் கழித்து யார் இருப்பார்கள், காலையில் யார் எங்கே போக வேண்டும், எது இல்லாவிட்டால் இந்த வீடு வேண்டவே வேண்டாம். கடைசிக் கேள்விக்கு மூன்று விடைக்கு மேல் எழுதக் கூடாது. பிறகு இரண்டு கொப்பியையும் ஒன்றாக விரித்து வைத்துப் பேசுவோம். சில வீடுகளில் அன்றைக்குத்தான் கணவனும் மனைவியும் முதல்முறையாக அதைப் பற்றி மனம் விட்டுக் கதைப்பார்கள்.

2017 தை மாதம் ஒரு ரீச்சர் வந்தார். அச்சுவேலிக்கு மாற்றமாகி, வடமராட்சியிலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தார். கணவர் யாழ்ப்பாணத்தில் வங்கி உத்தியோகம். இரண்டு பெண் பிள்ளைகள். இருவரையும் புனித திரேசாள் மகளிர் கல்லூரியில் சேர்க்க விருப்பம். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மாமனாரும் கூடவே. எட்டு மாதமாகத் தாங்களாகவே தேடி, பதினொரு வீடு பார்த்துக் களைத்திருந்தார்கள்.

"அண்ணை, பாக்கிற வீடெல்லாம் வடிவாத்தான் கிடக்கு. ஆனா ஒண்டிலையும் மனம் நிக்குதில்லை."

கணவர் தன் கொப்பியில் நாலு அறை, கார் விட இடம், வீதிக் கரை என்று எழுதியிருந்தார். ரீச்சர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: மாமா சில்லு நாற்காலியோடு தானாகக் கிணற்றடிக்குப் போகவேணும்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பதினொரு வீட்டையும் திரும்ப மனதில் நடந்து பார்த்தோம். ஒன்பது அந்த இடத்திலேயே விழுந்தன. வாசற்படி உயரம், கிணற்றடி பள்ளத்தில், ஒழுங்கையில் ஓட்டோ திரும்ப இடமில்லை. எட்டு மாதம் அலைந்தது அந்த வரியை எழுதாததால்.

கொப்பியின் கடைசிப் பக்கம் காசுக்கு. வீட்டு விலை மட்டும் காசில்லை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். நொத்தாரிசுக் கூலி, நில அளவையாளர் கூலி, பதிவுச் செலவு, பிறகு திருத்த வேலை. கையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கை இவற்றுக்கென்று ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குள் வீடு தேடச் சொல்வேன். வங்கிக் கடன் எடுப்பதென்றால் வங்கியோடு முதலே கதைத்துவிட வேண்டும், ஏனென்றால் முப்பது வருட உரித்துச் சங்கிலி அறாமல் இருந்தால்தான் அவர்கள் அசைவார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பேர்ச்சில் கணக்குக் கேட்பார்கள். எங்களுடைய ஒரு பரப்பு பத்துப் பேர்ச், பதினெட்டுக் குழி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆனால் வயலென்றால் இருபத்து நாலு பரப்பு ஓர் ஏக்கர். பழைய உறுதியில் நெல்லுப் பரப்பா வரகுப் பரப்பா என்று பார்க்காமல் கணக்குப் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தேடல் தொடங்கினால் ஒரு வீட்டுக்கு மூன்று தரம் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். நடுப்பகலில் ஒன்று, இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒன்று, மழைக்குள்ளே ஒன்று. வாங்குகிறவர்கள் பங்குனி சித்திரையில், வெளிநாட்டார் ஆடி ஆவணியில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அந்த மாதங்களில் எல்லா வளவும் நல்ல வளவுதான். மழைக்கு நிற்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது: பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், 2008 இல் நிஷா புயலுக்கும் 2024 கார்த்திகை வெள்ளத்துக்கும் தண்ணீர் எந்தப் படி மட்டும் வந்தது என்று. விற்கிறவர் மறந்திருப்பார். வெள்ளத்துக்குள் அடுப்பு மூட்டியவர் மறக்க மாட்டார்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மாரி மழைதான் வருடம் முழுக்க நாங்கள் குடிப்பது. நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அதன் ஆழம்தான் பெரிய புதினம். எனக்கு அதில் பெரிய பாடம், மேலே நன்னீர் நிற்க ஆழத்தில் உப்பு நீர் நிற்பது. எங்கள் கிணறுகளும் பெரும்பாலும் அப்படித்தான். வளலாய்ப் பக்கமும் தொண்டைமானாற்றுப் பக்கமும் மோட்டரைக் கூட நேரம் ஓட விட்டால் உப்பு மேலே ஏறும். ஆகவே கிணற்றைப் பார்க்கிற மாதம் ஆவணி புரட்டாதி, நீர் மிகக் கீழே இறங்கியிருக்கிற காலம். அந்த நீரில் தேத்தண்ணி போட்டுக் குடிக்க வேண்டும். அயல் வீட்டில் கேத்திலை வாங்கி உள்ளே எவ்வளவு வெள்ளைப் படிவு என்று பார்க்க வேண்டும். வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் வீடென்றால் நாக்கை நம்பாமல் நைத்திரேற்றுக்குப் பரிசோதனை செய்விக்க வேண்டும். குழந்தைப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது கட்டாயம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி வந்த பிறகுதான் ஆட்கள் தண்ணீரைப் பற்றி வாய் திறந்து கேட்கத் தொடங்கினார்கள். இப்போது இரண்டு பரப்புத் துண்டுகளாகக் காணி பிரிகிறது. உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழிக்கும் எத்தனை அடி என்று அளக்காமல் திரும்பி வராதீர்கள். வெடிப்புள்ள கல்லுக்குள் அழுக்கு நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிணறும் சில இடங்களில் பங்குக் கிணறு. பழைய உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் என்று ஓர் அரை வரி இருக்கும். அந்த அரை வரிக்காக இருபது வருடம் வழக்காடிய குடும்பங்கள் உண்டு. பாதையும் அப்படித்தான். ஒரு ஒழுங்கை உறுதியில் இருக்கலாம், அல்லது முன்வளவுக்காரரின் நல்ல மனதில் மட்டும் இருக்கலாம். நல்ல மனதை அவருடைய பிள்ளைகள் முதுசொமாகப் பெறுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேலி அடைக்கும்போதெல்லாம் கதியாலை நாலு விரல் தள்ளிப் போட்டு, முப்பது வருடத்தில் ஒழுங்கையையே ஒடுக்கிய இடங்கள் எங்கள் ஊரிலும் இருக்கின்றன. நில அளவையாளரைக் கொண்டு அளப்பித்து, உறுதியில் உள்ளதும் நிலத்தில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

இனி நான் செய்த ஒரு பிழை. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு காணி விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. எல்லாருக்கும் அவசரம், எனக்கும். இளைப்பாறிய ஒரு தபாலதிபர் தன் இளைப்பாற்றுக் காசைக் கொண்டு வந்திருந்தார். விற்கிறவர் எனக்குத் தெரிந்த குடும்பம், உறுதியும் கையில் இருந்தது. காணிப் பதிவேட்டுப் பிரதியான தோம்பைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க விட்டேன். பிறகு யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் தேடியபோது அந்த வீடு ஈட்டில் இருந்தது தெரிந்தது. முற்பணம் திரும்பி வர இரண்டு வருடம் சென்றது. அந்த மனிதர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சந்தையில் கண்டால் தலையசைத்துவிட்டுப் போவார். அந்த இரண்டு வருடமும் அவர் வீட்டு ஒழுங்கையால் போகாமல் சுற்றிப் போனேன். அன்றிலிருந்து தோம்பு கையில் வராமல் ஒரு ரூபாய் கைமாற நான் நின்றதில்லை. கையில் உள்ள உறுதி என்ன நடந்தது என்பதைச் சொல்லும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பதிவகத்தின் புத்தகம்தான் சொல்லும். எழுதிய உறுதியை உடனே பதியவும் வேண்டும். ஒரே ஆள் இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் முதலில் பதிந்தவர் பக்கமே சட்டம் சாயும்.

தோம்பு வந்ததும் நான் கொப்பியில் எழுதுவது ஓர் எண். இந்த வீடு கைமாற எத்தனை கையெழுத்து வேண்டும்? அறை எத்தனை என்பதைவிட இதுதான் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் உண்மையான அளவு. தகப்பன் உறுதி எழுதாமல் இறந்திருந்தால் பிள்ளைகள் எல்லாருடையதும். ஒன்று ரொறன்ரோவில், ஒன்று பாரிசில், ஒன்று வவுனியாவில். அற்றோர்னித் தத்துவம் அனுப்பலாம். ஆனால் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பத்திரமும் அவரோடு போய்விடும், ஆகவே அவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி எழுதுகிற நாளில் தொலைபேசியில் குரல் கேட்டே ஆகவேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதன வீட்டை விற்பதென்றாலும் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பிரிந்து போய்ப் பத்து வருடமான கணவனிடம் அந்தக் கையெழுத்துக்காக ஒரு பெண் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மாற வேண்டிய சட்டம் என்றே நினைக்கிறேன். பங்காளருக்கும், உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் 1947 ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வாங்குகிற உரிமையைக் கொடுக்கிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் எழுதிய உறுதி பிறகு மன்றில் ஆடும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டவர் அங்கேயே பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டால் அது இன்னொரு சிக்கல். ஆட்சியுரிமை கேட்க 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. யுத்தத்தால் வீட்டுக்கு வர முடியாதவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2016 இல் விசேட சட்டம் ஒன்று வந்தது. 1990 இலிருந்து உள்ளே போக முடியாதிருந்த வளலாயில் 2015 பங்குனியில் காணி விட்டபோது, எல்லைக் கல்லும் மரமும் இல்லாத வெளியில் நின்று தன் வளவைத் தேடிய முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் தேவை விளங்கும்.

வெளிநாட்டிலிருந்து ஆசையோடு வருகிறவர்களிடம் முதலில் கடவுச்சீட்டைக் கேட்பேன். கனடியக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர் தன் சொந்த ஊரிலேயே வளவு வாங்க முடியாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் தடையில்லை. சிலர் இங்கே உள்ள சொந்தக்காரர் பெயரில் வாங்கி வைக்கிறார்கள். நான் அதற்குத் துணை போவதில்லை. அண்ணன் தம்பி உறவு முறிந்த மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும். மூன்றும் இப்படி வாங்கிய வளவுகளால்.

ரீச்சர் குடும்பத்துக்குப் பங்குனியில் ஒரு வீடு கண்டேன். பத்தமேனிப் பக்கம், கல்லூரிக்குப் பிள்ளைகள் நடந்து போகலாம். கலட்டி மண். அறுபதுகளில் கட்டிய வீடு, சுண்ணாம்புச் சாந்துச் சுவர், கள்ளிக்கோட்டை ஓடு. முகட்டு வளையைத் தட்டிப் பார்த்தேன், கறையான் இல்லை. விறாந்தையும் கிணற்றடியும் ஒரே மட்டம், இடையில் சீமெந்து நிலம். ரீச்சர் கிணற்றுக்கட்டில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். கொப்பியில் இருந்த எல்லாம் அந்த வளவில் இருந்தன.

கையெழுத்து ஆறு. தாயும் ஐந்து பிள்ளைகளும். நான்கு பிள்ளைகளும் சம்மதம். ஐந்தாவது மகன் 2009 வைகாசியில் வன்னியில் காணாமற்போனவர். காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010 இலேயே சட்டம் இருந்தது. 2016 இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சான்றிதழ் பெறவும் வழி செய்தார்கள். ஆனால் வீடு விற்க அது போதாது. மரணச் சான்றிதழ் எடுத்தால் காரியம் முடியும் என்று மூத்த மகள் என்னைக் கொண்டு தாயிடம் கதைப்பித்தார். நானும் போய் இருந்தேன். அம்மா தேத்தண்ணி தந்தார்.

"தம்பி, நீங்கள் கொண்டு வந்த பிள்ளை நல்ல பிள்ளை, எனக்குத் தெரியுது. ஆனா அவன் வந்தா இந்தப் படலையைத்தானே தேடி வருவான்."

நான் கொண்டுபோன கடதாசிகளை எடுத்து வெளியே வைக்கவில்லை. வரும்போது அம்மா படலை மட்டும் வந்து, வேலியில் பூவரசு கொஞ்சம் சரிந்திருப்பதைக் காட்டி, மாரிக்கு முன்னர் அடைக்க ஆள் பிடித்துத் தரச் சொன்னார். அதைச் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வாங்குகிற ஆள் எவரையும் நான் கூட்டிப் போகவில்லை. கையெழுத்து எத்தனை என்று எண்ணுகிற என் பழக்கம் அந்த வீட்டுக்கு முன்னால் எனக்குச் சிறிதாகத் தெரிந்தது.

ரீச்சரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துத் தள்ளிய வீடுகளின் பக்கங்களைக் குறுக்கே வெட்டிவிடுவது அவர் வழக்கம். இந்தப் பக்கத்தை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்.

ஆவணியில் தோப்புப் பக்கம் ஒரு வீடு அமைந்தது. சின்னது, மூன்று அறை, கார் விட இடமில்லை. ஒரே உரித்தாளர், தேடியதேட்டம். மனைவியும் கூட இருந்து கையெழுத்து வைத்தார். தோம்பு சுத்தம். புரட்டாதியில் கிணற்றில் நாலரை முழம் தண்ணீர் நின்றது, தேத்தண்ணி நன்றாக இருந்தது. குறை ஒன்றுதான்: குசினி வாசலிலிருந்து கிணற்றடிக்கு மூன்று படி. கணவர் தயங்கினார். ரீச்சர் கொப்பியைத் திறந்து தன் வரியைக் காட்டி, படியை இடித்துச் சரிவு போட எவ்வளவு செல்லும் என்று என்னைக் கேட்டார். மேசனைக் கூப்பிட்டுக் கேட்டோம். விலையிலிருந்து அந்தக் காசைக் குறைக்க விற்கிறவரும் ஒத்துக்கொண்டார்.

குடிபூரலுக்கு இரண்டு நாள் முன்னர் சரிவுக்குக் கொங்கிறீட் போட ஆயத்தம் செய்தார்கள். மேசன் பலகை அடித்து மட்டம் பார்த்து முடித்திருந்தார். அப்போது ரீச்சர் வெறும் சில்லு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பலகையோடு அணைத்து வைத்துப் பார்த்தார். ஒரு கையால் ஏற்ற இந்தச் சரிவு கூட என்றார். மாமாவுக்கு இயங்குகிற கை ஒன்றுதான். மேசன் பலகையைக் கழற்றி இன்னும் நாலடி நீட்டி அடித்தார்.

மறுகிழமை நான் போனபோது பெரியவர் கிணற்றடியில் இருந்தார். வாளிக் கயிற்றைப் பேத்தி இழுக்க, தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தை அவர் கையால் காட்டிக்கொண்டிருந்தார்.